கார்டு கரெக்டா இருந்திருந்தா?

கொஞ்சம் நீளமான இழை. நைட் டியூட்டி முடிச்சிட்டு எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. ஒரு பிளட் குரூப் பத்தின வரலாறு இது. ஆனா இதை எழுத வெச்சது ஒரு பொண்ணு கேட்ட கேள்வி.

போன வருஷம் நெட்டுக்குப்பத்துல ஒரு மருத்துவ முகாம். கொசஸ்தலை ஆறு கடல்ல கலக்குற முகத்துவாரம் பக்கத்துலயே. வலை பின்னுற கூடத்துல ரெண்டு பெஞ்ச் போட்டு உக்காந்தோம். சுத்துப்பட்டு குப்பத்துல இருந்தெல்லாம் ஜனங்க வந்திருந்தாங்க. பிபி, சுகர், தோல் அரிப்பு, மூட்டு வலின்னு வரிசை போயிட்டிருந்தது.

மத்தியானம் கூட்டம் குறைஞ்சப்புறம் ஒரு பொண்ணு வந்து உக்காந்தாங்க. எந்தக் குப்பம்னு சொல்லல, வேணாம். கையில மூணு அட்டை. வீட்டுக்காரர் ரத்த தானம் குடுத்தப்ப வாங்கின அட்டை: ஓ பாசிட்டிவ். இவங்க பிரசவத்தப்ப போட்ட அட்டை: ஓ பாசிட்டிவ். ஏழு வயசுப் பொண்ணோட ஸ்கூல் ஐடி கார்டு: பி பாசிட்டிவ்.

பக்கத்து வீட்டுல பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தன் அந்த ஐடி கார்டைப் பாத்துட்டு, "ஓவுக்கும் ஓவுக்கும் பி பொறக்காதே ஆயா"ன்னு மாமியார்கிட்ட சொல்லியிருக்கான். அவன் மேல தப்பு இல்ல, பாட புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு ஆரம்பிச்சது அந்த வீட்டுல. நாலு மாசம். புருஷன் வீட்டுல சாப்பிடறதில்ல, படுக்குறது படகுல. மாமியார் வாயத் திறந்து ஒண்ணும் கேக்கல, ஆனா பேத்தியைத் தூக்குறத நிறுத்திட்டாங்க.

மூணு பேரையும் ஒரு ரத்த வங்கிக்கு வரச் சொல்லி, ட்யூப் முறையில முறையா திரும்ப டெஸ்ட் பண்ண வெச்சோம். அப்பா ஓ. பொண்ணு பி. அம்மாவும் பி! ஏழு வருஷத்துக்கு முன்னாடி யாரோ அவசரத்துல எழுதின அட்டை தப்பு. அவ்ளோதான் விஷயம். இதுமாதிரி கேஸ்ல முக்கால்வாசி இப்படித்தான் முடியும்.

நான் ஏதோ பெருசா சாதிச்ச மாதிரி சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

"கார்டு தப்புன்னு ஆச்சு, சரி சார். கார்டு கரெக்டா இருந்திருந்தா? அப்ப நான் தப்பா?"

அன்னைக்கு நான் குடுத்த பதில் எனக்கே திருப்தியா இல்ல. முழு பதில் இந்த இழை.

முதல்ல பள்ளிக்கூடத்துல படிச்சத ஞாபகப்படுத்திக்குவோம். 1900-01ல வியன்னாவுல கார்ல் லேண்ட்ஸ்டெய்னர், தன் ஆய்வகத்துல வேலை செஞ்சவங்க ரத்தத்தையே எடுத்து, ஒருத்தர் ரத்தத்தோட இன்னொருத்தர் சீரத்தைக் கலந்து பாத்தார். சிலது தயிர் மாதிரி திரிஞ்சது, சிலது திரியல. அதுல இருந்துதான் ஏ, பி, ஓ. 1930ல நோபல் பரிசு.

1910ல இது பரம்பரையா வருதுன்னு வான் டுங்கர்ன், லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட் ரெண்டு பேரும் காட்டினாங்க. 1924ல ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன்னு ஒரு கணித மேதை, டாக்டர் கூட இல்ல, கணக்குப் போட்டே சொன்னார்: ஒரே இடத்துல மூணு விதமான மரபணு இருக்கு, அதுல அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. ஓ-ன்னா ரெண்டும் ஓ. அப்ப ஓ அப்பாவுக்கும் ஓ அம்மாவுக்கும் ஓ பிள்ளைதான். அந்த பிளஸ் டூ பையன் சொன்னது பெர்ன்ஸ்டைன் கணக்கு.

இந்தக் கணக்கு வந்த வேகத்துல கோர்ட்டுக்குள்ள போயிடுச்சு. 1920கள்லயே ஜெர்மனியில தகப்பன் யாருங்கற வழக்குக்கு பிளட் குரூப்பை சாட்சியா எடுக்க ஆரம்பிச்சாங்க. சார்லி சாப்ளினே இதுல மாட்டினார். குழந்தை பி, அம்மா ஏ, சாப்ளின் ஓ. கணக்குப்படி அவர் அப்பாவா இருக்கவே முடியாது. ஆனா 1945ல கலிஃபோர்னியா ஜூரி அவர்தான் அப்பான்னு தீர்ப்பு குடுத்துட்டாங்க. அறிவியலை நம்பாத ஜூரின்னு இன்னைக்கு வரைக்கும் அதைக் கிண்டல் பண்ணுவாங்க. அந்த கேஸ்ல கிண்டல் நியாயம்தான்.

நடுவுல ஒரு சின்ன கதை, நம்ம ஆளுங்க இருக்கறதால சொல்றேன். முதல் உலகப் போர் சமயம், கிரீஸ்ல சலோனிக்கா ஊர்ல பல நாட்டுப் படை முகாம் போட்டிருந்தது. அதே ஹிர்ஸ்ஃபெல்ட்டும் அவர் மனைவி ஹன்னாவும் அங்க 8,000 பேருக்கும் மேல ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பிரிட்டிஷ் படையில இருந்த இந்திய சிப்பாய்களும் அதுல உண்டு. பி குரூப் மத்த எல்லாரையும் விட இந்தியர்கள்கிட்டதான் அதிகமா இருந்தது. 1919ல லான்செட் இதழ்ல அதைப் போட்டு, பி-யோட பிறப்பிடமே இந்தியாவா இருக்கலாம்னு ஒரு யூகத்தையும் விட்டாங்க. யூகம் தப்பு. ஏ, பி ரெண்டும் குரங்குகள்கிட்டயே இருக்கு, மனுஷனுக்கு முன்னாடியே வந்தது. ஆனா நம்ம ஊர்ல பி நிறையன்றது நிஜம். இத மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இப்ப பம்பாய்க்குப் போவோம். வருஷம் 1952.

சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில ஒய்.எம். பெண்டேன்னு ஒரு நோய்க்குறியியல் டாக்டர். அவர் முன்னாடி ரெண்டு நோயாளிங்களோட ரத்தம் வருது. ஒருத்தர் ரயில் விபத்துல அடிபட்டவர், இன்னொருத்தர் கத்திக்குத்து. ரெண்டு பேருக்கும் உடனே ரத்தம் ஏத்தணும். குரூப் பாத்தா ஓ. ஆனா எந்த ஓ ரத்தத்தோட கிராஸ் மேட்ச் பண்ணாலும் திரியுது.

இது எவ்ளோ பெரிய அதிர்ச்சின்னு ரத்த வங்கியில வேலை செஞ்சவங்களுக்குத்தான் புரியும். ஓ ரத்தம்னா யாருக்கும் ஒத்துக்கும்னுதான் நாங்க படிச்சது. ஓ ஆளுக்கு ஓ ரத்தம் ஒத்துக்கலன்னா, கடல்மீனைக் கடல்ல விட்டா சாகுதுன்னு சொல்ற மாதிரி. 160 பேருக்கும் மேல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணியிருக்காங்க. கடைசியில ஒரே ஒரு பம்பாய்வாசியோட ரத்தம் ஒத்துக்கிச்சு. மூணு பேருக்கும் ஒரே விதமான, யாரும் அதுவரைக்கும் பாக்காத ரத்தம்.

பெண்டே, சி.கே. தேஷ்பாண்டே, எச்.எம். பாட்டியா மூணு பேரும் லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்ல இருந்த ரேஸ், ரூத் சாங்கர், மோர்கன், வினிஃப்ரெட் வாட்கின்ஸ் இவங்களோட சேர்ந்து 1952 மே மாசம் லான்செட்ல எழுதினாங்க. சின்ன கட்டுரைதான். ரத்தவியலோட அஸ்திவாரத்தையே கொஞ்சம் ஆட்டின கட்டுரை.

பம்பாய்க்கு இந்தப் பெருமை. நம்ம மெட்ராஸ் பேருக்கு கண்ணு வலிதான் கிடைச்சது, என்ன பண்றது.

சரி, அந்த ரத்தத்துல என்ன விசேஷம்? அன்னைக்கு வலை பின்னுற கூடத்துல உக்காந்திருந்ததால அந்தப் பொண்ணுக்கு வலையை வெச்சே சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்றேன்.

வலைக்கு மேல் பக்கம் ஒரு கயிறு ஓடும், அதுல மிதவை கட்டுவாங்க. சிவப்பணுவோட மேல்பரப்பை அந்த மாதிரி நினைச்சுக்கங்க. கயிறுதான் எச். ஃபியூகோஸ்னு ஒரு சர்க்கரை சேர்ந்து உருவாகுறது. அந்தக் கயிறுல ஏ ஆளுங்க ஒரு மிதவை கட்டுவாங்க, பி ஆளுங்க வேற மிதவை. மிதவையும் சர்க்கரைதான், பி-யோடது கேலக்டோஸ், ஏ-யோடது அதுக்கு சித்தப்பா பையன் மாதிரி ஒண்ணு. ஏபி ஆளுங்க ரெண்டும் கட்டுவாங்க. ஓ ஆளுங்க மிதவை கட்டாம கயிறை மட்டும் விட்டுடுவாங்க. வாட்கின்ஸும் மோர்கனும் 1950கள்ல இதைத்தான் படிப்படியா நிரூபிச்சாங்க.

பம்பாய் ஆளுங்களுக்கு கயிறே கிடையாது.

அவங்க வீட்டுல மிதவை இருக்கலாம். ஏ மரபணு இருக்கலாம், பி மரபணு இருக்கலாம். ஆனா கட்ட கயிறு இல்ல. ஸ்லைடுல ரத்தம் வெச்சு நீலக் கலர் ஆன்டி-ஏ, மஞ்சக் கலர் ஆன்டி-பி விட்டா ரெண்டுலயும் ஒண்ணும் நடக்காது. டெஸ்ட் பண்றவர் "ஓ"ன்னு எழுதிட்டுப் போயிடுவார். அவங்க உடம்புக்கோ கயிறுன்னா என்னன்னே தெரியாது, அதனால அதுக்கு எதிரா ஆன்டிபாடி வெச்சிருக்கும். கயிறு உள்ள எந்த ரத்தம் உள்ள போனாலும், ஓ உட்பட, உடைச்சுத் தள்ளும். பம்பாய் ஆளுக்கு பம்பாய் ஆளுதான் ரத்தம் குடுக்க முடியும்.

இப்ப அந்தப் பொண்ணோட கேள்விக்கு வர்றேன். கயிறுக்கான மரபணு 19வது குரோமோசோம்ல இருக்கு. மிதவைக்கான மரபணு 9வது குரோமோசோம்ல. ரெண்டும் தனித்தனியா பிள்ளைக்குப் போகும்.

ஒரு அப்பாவுக்கு அவரோட அப்பாகிட்ட இருந்து பி மரபணு வந்திருக்கு, ஆனா கயிறு மரபணு ரெண்டும் பழுது. டெஸ்ட்ல அவர் "ஓ". அம்மா உண்மையான ஓ, மிதவை இல்ல, கயிறு நல்லாவே இருக்கு. பிள்ளைக்கு அப்பாகிட்ட இருந்து பி, அம்மாகிட்ட இருந்து நல்ல கயிறு. கயிறும் மிதவையும் ஒண்ணு சேர்ந்தாச்சு. பிள்ளை பி!

தாத்தாவோட பி, அப்பாகிட்ட ஒளிஞ்சிருந்து, பேத்திகிட்ட வெளிய வருது. அம்மா எந்தத் தப்பும் பண்ணல. அட்டை மூணும் சரி. கணக்குதான் பாதிக் கணக்கு.

இது நான் கற்பனையா சொல்றதில்ல. 1955ல அமெரிக்காவுல ஃபிலிப் லெவின் குழு இப்படி ஒரு குடும்பத்தை எழுதி வெச்சாங்க. இத்தாலிய வம்சாவளி. அம்மா டெஸ்ட்ல ஓ, அப்பா ஏ, மகள் ஏபி. பி எங்க இருந்து வந்தது? பாத்தா அந்த "ஓ" அம்மாகிட்ட இருந்துதான், அவங்க அவங்களோட அம்மாகிட்ட இருந்து வாங்கினது. அங்க குழந்தையைப் பெத்த அம்மாவோட குரூப்தான் கணக்குல இடிச்சது, அதனால சந்தேகத்துக்கு இடமில்லாம போச்சு. அதே குழப்பம் அப்பா பக்கம் இருந்திருந்தா? லெவின்தான் இதுக்கு "பம்பாய்"னு பேரையும் நிலைக்க வெச்சது.

அப்புறம் நாற்பது வருஷம் கழிச்சு மரபணுவைப் படிக்கிற தொழில்நுட்பம் வந்தது. முதல்ல 1990ல யமமோட்டோன்னு ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஏபிஓ மரபணுவைப் படிச்சார். ஓ-ன்னா என்ன தெரியுமா? ஏ மரபணுவுல ஒரே ஒரு எழுத்து காணாமப் போனது. பொதுவா நாம பாக்குற ஓ அதுதான். ஒரு எழுத்து விட்டுப்போனா அதுக்கப்புறம் வாக்கியமே தப்பாயிடும், மிதவை கட்டுற என்சைம் உருவாகாது.

அதாவது, இதைப் படிக்கிற ஓ குரூப் அன்பர்களே, நீங்க எல்லாரும் மியூட்டன்ட்ஸ். நானும்தான். உலகத்துல கோடிக்கணக்கான பேர் ஒரு எழுத்துப்பிழையோட சந்தோஷமா வாழ்றோம்.

மியூட்டேஷன்னா சினிமாவுல வர்ற மாதிரி கையில கத்தி முளைக்கிறதோ, இல்ல ஊனமோ இல்ல. நம்ம டிஎன்ஏல சுமார் 300 கோடி எழுத்து. ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கையால நகல் எடுக்கிற மாதிரி எடுக்குது. அப்பா அம்மா யார்கிட்டயும் இல்லாத புது எழுத்துப்பிழை ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ 60, 70 இருக்கும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலது கெடுதல். சிலது இடத்தைப் பொறுத்தது. ஓ குரூப்காரங்களுக்கு மலேரியா ரொம்ப முத்துற வாய்ப்பு குறைவு. அதே ஓ குரூப்காரங்களுக்கு காலரா வந்தா கடுமையா வரும். மலேரியா ஊர்ல வரம், காலரா ஊர்ல சாபம். பிழை ஒண்ணுதான்.

முகாம்ல ஒரு பெரியவர் கேட்டார், இங்க இருக்கற புகையாலயும் சாம்பலாலயும் இதுமாதிரி ரத்தம் மாறுமான்னு. எண்ணூர்ல இந்தக் கேள்வி வராம இருந்தாதான் ஆச்சரியம். 1927ல ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள் மேல எக்ஸ்-ரே பாய்ச்சி, வெளிய இருந்து வர்ற தாக்குதல் மியூட்டேஷனை உண்டாக்கும், அது குஞ்சுக்கும் போகும்னு நிரூபிச்சார். அதனால கேள்வி நியாயமானது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. நுரையீரல் செல்லுல வர்ற மாற்றம் அந்த ஆளோட போயிடும், அது புற்றுநோயா வரலாம், பிள்ளைக்குப் போகாது. விந்தணுவுலயோ கருமுட்டையிலயோ வர்ற மாற்றம்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். பம்பாய் குரூப்புக்கும் எண்ணூர் புகைக்கும் சம்பந்தமில்ல, அது பழைய பிழை. புகைக்கு கணக்குத் தீர்க்க வேற காரணங்கள் நிறைய இருக்கு, அதைத் தனியா எழுதுறேன்.

எவ்ளோ பழசு? கயிறு மரபணுவை 1990கள்ல படிச்சாங்க. இந்தியாவோட பம்பாய் ஆளுங்ககிட்ட பொதுவா இருந்தது ஒரே பிழை: 725வது எழுத்து மாறிடுச்சு. அதனால என்சைம்ல 242வது இடத்துல லூசினுக்குப் பதிலா ஆர்ஜினின் வந்து உக்காந்துடுச்சு. என்சைம் செத்துடுச்சு. அதோட ஒட்டினாப்ல பக்கத்துல இருக்கற இன்னொரு மரபணுவும் மொத்தமா காணோம். ரெண்டு பழுதும் ஜோடியா, திரும்பத் திரும்ப அதே மாதிரி. ஒரே எழுத்துப்பிழை ரெண்டு பரீட்சை பேப்பர்ல இருந்தா வாத்தியார் என்ன சொல்வார்? ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் எழுதியிருக்கான்னு. அப்ப இந்தியாவுல எங்கயோ, எப்பவோ, ஒரு மூதாதைகிட்ட இருந்து நகலாகி நகலாகி வந்தது இது.

இதுக்கு ஒரு அழகான சாட்சி இந்தியாவுக்கு வெளிய இருக்கு. அதுல நம்ம கடற்கரைக்கும் பங்கு உண்டு.

நெட்டுக்குப்பம் முகத்துவாரத்துல நின்னா வடக்கே காமராஜர் துறைமுகத்துக்கு வர்ற கப்பல்கள் வரிசையா நிக்கிறது தெரியும். 1860ல இந்தக் கடற்கரை முழுக்க எங்கயும் துறைமுகம் கிடையாது. மெட்ராசுக்கே கிடையாது. கப்பல் தள்ளி ஆழத்துல நிக்கும். கரையில இருந்து மசூலா படகுல அலையைத் தாண்டி ஆளுங்களைக் கொண்டுபோய் ஏத்துவாங்க. துடுப்பு போட்டது இந்தக் கரையோர ஜனங்க. அப்படி 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து கிளம்பின ட்ரூரோன்ற கப்பல், 342 பேரோட நவம்பர் 16ந் தேதி தென்னாப்பிரிக்காவுல டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிங்க. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேர் அப்படிப் போனாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ் வழியா. அதே 1860-61ல பிரெஞ்சுக்காரங்களும் பிரிட்டிஷ்காரங்களோட ஒப்பந்தம் போட்டு ரீயூனியன் தீவுக்கு ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க. அங்க போன தமிழங்க வாரிசுங்களை இன்னைக்கும் மலபார்னுதான் கூப்பிடறாங்க.

நூறு வருஷம் கழிச்சு, நேட்டால்ல வாழ்ற இந்திய வம்சாவளி ஜனங்ககிட்ட பம்பாய் ரத்தம் தட்டுப்பட்டது. ரீயூனியன்லயும் தட்டுப்பட்டது. ரீயூனியன்ல ஒரு சுவாரசியம். அங்க இந்திய வம்சாவளிகிட்ட மட்டுமில்ல, சிலாவோஸ்னு ஒரு மலைப் பள்ளத்தாக்குல வாழ்ற வெள்ளைக்கார குடும்பங்ககிட்டயும் இதுமாதிரி ரத்தம் இருந்தது. 1980கள்ல ஆராய்ச்சி பண்ணவங்க, ரெண்டும் முழுசா ஒண்ணு இல்லன்னு கவனிச்சாங்க. வெள்ளைக்காரங்களோடதுல கயிறு மெலிசா கொஞ்சம் இருந்தது. 1998ல மரபணுவைப் படிச்சப்ப விஷயம் உறுதியாச்சு: சிலாவோஸ் குடும்பங்களுக்கு 349வது எழுத்துல பிழை. இந்திய வம்சாவளிக்கு 725வது எழுத்து, அந்த ஜோடிப் பழுதோட. பம்பாய்ல இருக்கற அதே பிழை.

மொழி மறந்துபோச்சு, ஊர் பேர் பதிவேட்டுல சிதைஞ்சு போச்சு, ஆனா அந்த ஒரு எழுத்து அப்படியே இருந்தது. மசூலா படகுல ஏறினவங்க யாரோ தனக்கே தெரியாம எடுத்துட்டுப் போனது. ஒரு நல்ல நகல், ஒரு பழுது நகல் வெச்சிருந்தவங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லயே, எப்படித் தெரியும்?

இதுதான் ஒடுங்கு மரபணுவோட குணம். ரெண்டு பழுது நகல் சேரணும், அப்பதான் வெளிய தெரியும். இந்தியாவுல பம்பாய் குரூப் பொதுவா 10,000 பேருக்கு ஒருத்தர்னு சொல்லுவாங்க. பம்பாய் நகரத்துல 7,600க்கு ஒண்ணுன்னு பாட்டியா பின்னாடி கணக்கு எடுத்தார். ஐரோப்பாவுல பத்து லட்சத்துக்கு ஒண்ணு. 10,000க்கு ஒருத்தர்னா, ஒரு பழுது நகலை சுமக்கிறவங்க எத்தனை பேர்? தோராயமா 50 பேருக்கு ஒருத்தர். நெட்டுக்குப்பம் மாதிரி ஒரு குப்பத்துலயே சிலர் இருக்கலாம்.

இப்ப சொந்தத்துல கல்யாணம். தேசிய குடும்ப நல ஆய்வுகள்ல தமிழ்நாடு இதுல எப்பவும் முன்வரிசைதான். ஒரு பழுது நகல் வெச்சிருக்கறவர் அசல்ல பொண்ணு எடுத்தா, அந்தப் பொண்ணுகிட்டயும் அதே பழுது இருக்க வாய்ப்பு 50ல ஒண்ணு. மாமன் மகளைக் கட்டினா 8ல ஒண்ணு. அக்கா மகளைக் கட்டினா 4ல ஒண்ணு. பம்பாய் குரூப்புக்கு மட்டும் இல்ல, தலசீமியாவுல ஆரம்பிச்சு பிறவிக் காது கேளாமை வரைக்கும் எத்தனையோ ஒடுங்கு நோய்க்கு இதே கணக்கின் சாயல்தான். யாரையும் குத்திக்காட்ட சொல்லல. எங்க வீட்லயே அத்தை பையனைக் கட்டினவங்க இருக்காங்க, பிள்ளைங்க நல்லா இருக்காங்க. வாய்ப்புன்றது விதி இல்ல. ஆனா கல்யாணம் பேசும்போது தெரிஞ்சு பேசணும்.

பம்பாய் ஆளுங்க வாழ்க்கையில இந்தப் பிழை ஒரு தொந்தரவும் பண்ணாது. சளி காய்ச்சல் கூட அதிகமா வராது. ரத்தம் தேவைப்படற அந்த ஒரு நாள் தவிர. பிரசவத்துல ரத்தப்போக்கு, படகு கவிழ்ந்து அடி, லாரி விபத்து. அன்னைக்கு கையில இருக்கற அட்டையில "ஓ பாசிட்டிவ்"னு இருக்கும்.

பயப்பட வேணாம், அட்டையைப் பாத்து எந்த ஆஸ்பத்திரியிலயும் ரத்தம் ஏத்த மாட்டோம். ஒவ்வொரு தடவையும் புதுசா சாம்பிள் எடுத்து, குரூப் பாத்து, கிராஸ் மேட்ச் பண்ணித்தான் ஏத்துவோம். "குரூப் தெரியும்ல, அப்புறம் எதுக்கு திரும்பத் திரும்ப ஊசி குத்தறீங்க"ன்னு வார்டுல சண்டை போடற அண்ணன்களுக்காக இதை எழுதுறேன். முறையான ரத்த வங்கியில உங்க சீரத்தையும் தனியா எடுத்து, தெரிஞ்ச ஏ, பி, ஓ அணுக்களோட கலந்து பாப்பாங்க. ரிவர்ஸ் குரூப்பிங்னு பேர். ஓ அணுவோட கலந்தும் திரிஞ்சா அங்கயே மாட்டிக்கும், இது சாதா ஓ இல்லன்னு. முகாம்ல ஸ்லைடுல பாக்குறப்ப இந்தப் படி கிடையாது. ஸ்கூல் ஐடி கார்டுக்காக நூறு பிள்ளைங்களை வரிசையில நிக்க வெச்சு விரல்ல குத்தறப்பவும் கிடையாது.

என் தனிப்பட்ட கருத்து: ஐடி கார்டுல பிளட் குரூப் போடறதால எந்த உயிரும் பிழைச்சதா நான் பாத்ததில்ல. ஒரு குடும்பம் நாலு மாசம் உடைஞ்சு கிடந்ததைப் பாத்திருக்கேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் கேட்டாங்க. 1872 சாட்சியச் சட்டம் 112வது பிரிவு, இப்ப 2023 சட்டத்துல 116: கல்யாண பந்தம் இருக்கும்போது பிறந்த பிள்ளை அந்தக் கணவனோட பிள்ளைதான், ரெண்டு பேரும் சேர வாய்ப்பே இல்லாம இருந்ததுன்னு நிரூபிச்சா ஒழிய. 1993ல கௌதம் குண்டு வழக்குல ஒரு கணவன், குழந்தைக்கு பிளட் டெஸ்ட் எடுக்கணும்னு கேட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். சந்தேகத்தைத் தீர்த்துக்கறதுக்காக அப்படி டெஸ்ட் எடுக்க உத்தரவிட முடியாது, யாரையும் ரத்தம் குடுன்னு கட்டாயப்படுத்தவும் முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்புல பம்பாய் குரூப் பேச்சு இல்ல. ஆனா பிளட் குரூப்பை மட்டும் வெச்சு ஒரு பொண்ணை நிறுத்திக் கேள்வி கேக்கக் கூடாதுன்றதுக்கு அறிவியல் காரணமும் இருக்குன்னு 1952ல இருந்தே நமக்குத் தெரியும்.

அதனால அக்கா, உங்க கேள்விக்கு பதில்: கார்டு மூணும் கரெக்டா இருந்திருந்தாலும், அதை வெச்சு நீங்க தப்புன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. நியாயமா அப்ப எழ வேண்டிய முதல் கேள்வி "யாரு"ன்றது இல்ல. "திரும்ப டெஸ்ட் பண்ணீங்களா, அப்பாவோட சீரத்தை ஓ அணுவோட கலந்து பாத்தீங்களா"ன்றதுதான்.

அவங்க அனுமதி வாங்கித்தான் இதை எழுதுறேன். அட்டை விஷயம் தெளிவானதுக்கு அடுத்த வாரம் மாமியார் பேத்தியைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்தாங்க. பேத்திக்கு லேசா சளி. சளிக்கு அவ்ளோ தூரம் வர வேண்டிய அவசியமே இல்ல. பையனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "இவ தாத்தாவுக்கும் இதே மூக்கு சார்"னு மட்டும் சொன்னாங்க.

வீட்டுக்காரர் போன மாசம் மறுபடியும் ரத்தம் குடுத்தார். சீரத்தையும் பாத்தாச்சு, அவர் சாதாரண ஓ தான். புது அட்டையில ஓ பாசிட்டிவ் பக்கத்துல "ரிவர்ஸ் குரூப்பிங் பார்த்தது"ன்னு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் குடுத்தேன்.